காலண்டரில் பார்த்த மணல்

எங்கள் செக்‌ஷனில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணம் நிச்சயமான பெண் எந்த ஊரைச் சொல்கிறாளோ, அந்த வருஷ டூர் அங்கேதான். கம்பெனி போட்ட சட்டம் இல்லை, நாங்களே போட்டுக்கொண்டது. தாலி ஏறிய பிறகு எவள் டூருக்கு வரப்போகிறாள், கடைசியாக ஒரு தடவை அவள் ஆசைப்படியே நடக்கட்டும் என்று. தூக்குக் கைதியிடம் கடைசி ஆசை கேட்பது போலத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அது பெரிய கௌரவம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஓசூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் கம்பெனி. எங்கள் செக்‌ஷன் முழுக்கப் பெண்கள். பாகலூர், சூளகிரி என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவோம். எனக்கு முன்னால் நிச்சயமானவர்கள் மைசூர் கேட்டார்கள், திருப்பதி கேட்டார்கள். ஒருத்தி பக்கத்திலிருக்கிற ஒகேனக்கல்லைக் கேட்டுத் தொலைத்தாள். அவள் கல்யாணப் பந்தியில்கூட அதைச் சொல்லித் திட்டினோம்.

அந்த வருஷம் இரண்டு பேருக்கு நிச்சயமானது. எனக்கும், என் பக்கத்து மெஷினில் இருந்த பாகலூர்க்காரிக்கும். அவள் வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், கோபம் வந்தால் மறுபடியும் தெலுங்கு.

சுவரில் செம்புக் கம்பி சப்ளை செய்யும் வடநாட்டுக் கம்பெனியின் காலண்டர் தொங்கும். ஒரு தாளில் ஜெய்சல்மேர் மணல் மேடு. இன்னொரு தாளில் கட்ச்சின் வெள்ளை உப்புத் தரை. அந்தந்த மாசம் முடிந்ததும் மணலை நான் கிழித்து வைத்துக்கொண்டேன், உப்பை அவள் எடுத்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் நான் கொல்லைப்பக்கம் போனாலும் “எங்க கெளம்பிட்ட?” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். தெருமுனைக்குப் போனால் நாலு பேர் கேட்பார்கள். அந்தப் படத்தில் கேட்பதற்கு ஆளே இல்லை. அந்த மேட்டில் ஏறி நின்று, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருத்தரும் இல்லை என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

“மணலைப் பாக்க அவ்ளோ தூரம் போவணுமாடி? நம்ம ஆத்துல இல்லாத மணலா?” என்பாள் அவள்.

“உப்பைப் பாக்க ரயிலேறிப் போறவ நீ ஒருத்திதான். சந்தையில மூட்டை மூட்டையா கெடக்குதே, போய்ப் பாரு” என்பேன் நான்.

செக்‌ஷனே சிரிக்கும். சூப்பர்வைசர் அலுத்துப்போய், “ரெண்டு பேரும் பேசி ஒரே ஊரா சொல்லுங்கம்மா, டிக்கெட் போடணும்” என்றார்.

அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. எனக்கு நிச்சயமானவர் பக்கத்துக் கம்பெனியில் லேத் ஓட்டும் டர்னர். ஷிப்டு விட்டதும் டீக்கடைப் பக்கம் பைக்கோடு நிற்பார். அவரிடம் யோசனை கேட்டால் மதிக்கிற மாதிரி இருக்கும் என்று நினைத்து, “ஜெய்சல்மேருங்களா, கட்ச்சுங்களா, நீங்களே சொல்லுங்க” என்றேன்.

“ஜெய்சல்மேருக்கு அந்தப் பொண்ணுங்களோட என்னாத்துக்குப் போற? அது நாம ரெண்டு பேரும் போவ வேண்டிய எடம். கல்யாணம் ஆவட்டும், நானே கூட்டிட்டுப் போறேன். எங்க கம்பெனியில எல்டிசி இருக்குது, லீவும் ரயில் காசும் அவங்களே குடுப்பாங்க” என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாள் அவளிடம், “உன் உப்புக்கே போவலாம்டி. என் மணலுக்கு அவரு கூட்டிட்டுப் போவாராம்” என்றேன்.

அவள் சந்தோஷப்படவில்லை. “ஏமே, பிச்சா நீக்கு?” என்று கத்தினாள். “பைத்தியமாடி நீ? அவரு பேச்ச நம்பி டூரை விடுவாங்களா? நான் விட்டுக் குடுக்குறேன், நீ ஜெய்சல்மேரே சொல்லு.”

நான் சொல்லவில்லை. எனக்குத்தான் ஆள் இருக்கிறாரே!

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அவரே டீக்கடையில் வந்து சொன்னார். கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு பெண் வெயிலில் அலைந்து கறுத்துப் போகக் கூடாதாம், அவர் அம்மா சொன்னார்களாம். “நாமதான் அப்பறம் போவப்போறமே” என்றார். என் வீட்டிலும் அதற்கு ஆமாம் போட்டார்கள். பாகலூர்க்காரி போய் வந்தாள். அவள் கல்யாண போட்டோவில் மூக்குத் தோல் உரிந்திருக்கும். அதனால் அவள் மாப்பிள்ளை வீட்டில் ஒருத்தரும் செத்துப்போகவில்லை.

கல்யாணம் ஆனது. முதல் எல்டிசி வந்தபோது நான் பிள்ளைத்தாய்ச்சி. அடுத்தது வந்தபோது நாத்தனார் கல்யாணம், லீவெல்லாம் அதற்கே சரியாகிவிட்டது. அதற்கடுத்த தடவை அவர் செக்‌ஷன் ஆட்கள் சேர்ந்து ஜெய்சல்மேர் கிளம்பினார்கள். “லேடீஸ் யாரும் வரல” என்று சட்டை மாட்டிக்கொண்டே சொன்னார். சண்டை போட்டிருக்கலாம். புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன். மறந்துவிட்டார், பாவம், ஆம்பளைக்கு எதுதான் ஞாபகம் இருக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

திரும்பி வந்தவர் பையைக்கூட இறக்காமல் ஆரம்பித்தார். “அடேயப்பா, நீ பாக்கணுமே! மேல ஏறி நின்னா எந்தப் பக்கமும் ஒரு ஆள் கெடையாது.” பிறகு ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினார். உள்ளே மணல். “நீ ஆசப்பட்டியே, அதான் உனக்குன்னு எடுத்தாந்தேன்.”

அப்படியானால் மறக்கவில்லை. மறந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

அன்று பால் பாத்திரம் அடிப்பிடித்திருந்தது. அந்த மணலைக் கொட்டித் தேய்த்தேன். மாவு மாதிரி மெல்லிசு, ஒரு கறையும் போகவில்லை. சாக்கடையில் கழுவி விட்டேன். கொல்லையில் ரூம் கட்ட இறக்கியிருந்த ஆற்று மணல் கிடந்தது, ஒரு பிடி அள்ளி வரலாம் என்று கதவைத் திறந்தேன்.

“எங்க கெளம்பிட்ட?” என்று உள்ளேயிருந்து கேட்டார்.