கறிக்குப் போன மீன்கள்

கொள்ளுப்பிட்டிச் சந்தியைத் தாண்டும்போது செருப்பு கடிக்கத் தொடங்கியது. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு நடந்து போவதென்று யாரும் முடிவெடுப்பதில்லை, நானும் எடுக்கவில்லை. காலி வீதி பஸ்கள் என் முழங்கையை உரசிக்கொண்டுதான் போயின. ஏறினால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் யோசிக்க வேண்டும். ஆகவே நடந்தேன். மூன்று மாத வேலையை ஒரே பதிலில் கெடுத்துவிட்டு வந்தவனுக்கு அந்தத் தூரம் போதாது என்றுகூடத் தோன்றியது.

அந்த வேலை எனக்குக் கிடைத்ததே ஒரு பொய்யால். அதற்கு முன் கிருலப்பனையில் ஒரு லொட்ஜில் அறை துடைத்தேன். வெள்ளவத்தையில் ஒரு டியூசன் வகுப்புக்காக வாசலில் நின்று துண்டுப்பிரசுரம் கொடுத்தேன். பொரளையில் மயானத்துக்கு எதிரே மலர்வளையம் கட்டினேன். எதிலும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டியதில்லை. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் இரண்டு முறை என்னைக் கைவிட்டது; மூன்றாம் முறை நான் அதைக் கைவிட்டேன். டியூசன் வகுப்பு நடந்த அதே மாடியில் ஒரு சிறிய அலுவலகம் இருந்தது. அதன் பொறுப்பாளர் மீன் அளக்க ஆள் தேவை என்றபோது, எனக்கு மீனைப் பற்றி எல்லாம் தெரியும் என்றேன். நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். பதினாறு வயது வரை எனக்குத் தெரிந்த மீன் டின்னில் வந்தது, அல்லது கருவாடாக வந்தது.

வேலை இதுதான். கெலவல்லா என்று கொழும்பில் சொல்லும் மஞ்சள் செட்டைச் சூரையை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பனி, தங்கள் மீன்பிடி கடலைக் காலி செய்யவில்லை என்று சான்றிதழ் வாங்க விரும்பியது. அதைச் சோதித்து அறிக்கை எழுத எங்கள் அலுவலகத்தில் ஒரு யாழ்ப்பாணத்து மிஸ் இருந்தார். கடலுயிரியல் படித்தவர், என்னைவிட வயது குறைந்தவர். முட்டையிடும் பருவத்துக்கு வராத குஞ்சுகள் எவ்வளவு பிடிபடுகின்றன என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்கான பதிலைச் சேர்ப்பது என் பொறுப்பு. கொட்டாஞ்சேனைக்குக் கீழே துறைமுகத்தில், பல நாள் கடலில் தங்கி வரும் படகுகள் இறக்கும் மீனை மூக்கு நுனியிலிருந்து வால் பிரியும் இடம் வரை அளந்து தாளில் எழுதுவேன். ஒரு நாளும் தவறவில்லை. என் வாழ்க்கையில் அப்படி இருந்தது அந்த மூன்று மாதங்கள் மட்டும்தான்.

படகு கரை சேர்ந்ததும் முதலில் இறங்குவது தராசுக்குப் போகும் மீன் அல்ல, பைகள். ஆளுக்கொரு பை, வீட்டுக் கறிக்கு. ஏற்றுமதிக்கு விலை போகாத சிறிய மீன்களாகப் பார்த்துக் கடலிலேயே பிரித்து வைத்துவிடுவார்கள். ஐஸ் போடுபவருக்கு ஒன்று, கேட்டில் நிற்பவருக்கு ஒன்று, தேநீர்க்கடை அக்காவுக்கு ஒன்று. இரண்டாம் கிழமையிலிருந்து எனக்கும் ஒன்று. படகை ஓட்டும் தண்டையல் மோதரையைச் சேர்ந்தவர். "மல்லி, கறிக்கு வச்சுக்க" என்று, தம்பிக்குச் சிங்களச் சொல் போட்டு, அவரே கையில் தருவார். அதை வாங்கி நிழலில் வைத்துவிட்டு, தராசடிக்குப் போய் மிகுந்த பொறுப்போடு அளக்கத் தொடங்குவேன். கறிக்குப் போவது எப்படிக் கணக்கில் வரும்? படகில் யாரும் அதைக் கணக்காக நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. என் அறையில் நாங்கள் நான்கு பேர். மூன்று மாதம் நன்றாகச் சாப்பிட்டோம்.

நான் நடந்த அன்று பகல் வெள்ளவத்தை அலுவலகத்தில் மிஸ் என் தாள்களையெல்லாம் கணினியில் ஏற்றி ஒரு வரைபடம் காட்டினார். பெரிய மீனின் பக்கம் மலைபோல் உயர்ந்திருந்தது. சிறிய மீனின் பக்கம் வெறும் தரை. பொறுப்பாளருக்கு ஒரே சந்தோஷம். மிஸ் மட்டும் அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூண்டு மாசத்தில ஒரு சின்ன மீன்கூட வரேல்லையோ?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குப் பதில் தெரிந்த கேள்விகளை யாரும் அதிகம் கேட்பதில்லை. ஆகவே உற்சாகமாகச் சொன்னேன். "வந்துச்சு மிஸ். நெறைய வந்துச்சு. அதெல்லாம் கறிக்குப் போயிரும்."

மிஸ் கணினியிலிருந்து என் பக்கம் திரும்பினார். எத்தனை என்று கேட்டார். தெரியாது என்றேன். எங்கே போகும் என்று கேட்டார். அதற்கு நான் விரல் விட்டு எண்ணி, என் அறை உட்பட, எல்லா வீட்டையும் சொன்னேன். பாதியில்தான் எனக்கே விளங்கியது: அவர் தேடிய பதிலை நான் தினமும் மிளகாய்த்தூள் போட்டுச் சாப்பிட்டிருக்கிறேன்.

மிஸ் போனில் பேச வெளியே போனார். பொறுப்பாளர் என் பக்கம் நாற்காலியை இழுத்தார். அறிக்கை அந்தக் கிழமையே போக வேண்டும் என்றார். "தம்பி, நீர் அங்கதானே நிண்டனீர். ஒவ்வொரு நாளும் எத்தினை சின்ன மீனெண்டு நினைவில இருக்கிறதை எழுதும்." பேனாவும் தந்தார். எழுதினேன். முதல் நாள் ஏழு. இரண்டாம் நாள் எட்டு. மூன்றாம் நாளுக்கு ஏழு என்று எழுதி, சந்தேகம் வராமலிருக்க அடித்து ஒன்பதாக்கினேன். பொய்த்தாளிலும் ஓர் அடித்தல் இருக்க வேண்டும் என்ற அறிவு மட்டும் எந்தப் பள்ளியும் சொல்லித்தராமலே எனக்கு வந்திருந்தது. பதினொரு நாளை நிரப்பியபோது மிஸ் உள்ளே வந்தார். தாளை எடுத்துப் பார்த்தார். சத்தம் போடவில்லை.

"இதுக்குக் கீழ நான்தான் கையெழுத்து வைக்கிறது," என்றார். "நான் பிழையா எழுதினா படகில போறவங்கள் குஞ்சுகளை அள்ளிக்கொண்டே இருப்பாங்கள். பிறகு அந்த ஆக்களுக்கே பிடிக்க மீன் இராது."

பேனாவை மேசையில் வைத்தேன். பொறுப்பாளர் நாளைக்கு வர வேண்டாம் என்றார். எழுந்து நடந்தவன்தான்.

காலிமுகத்திடலில் காற்று வாங்க வந்தவர்கள் இறால் வடை தின்றுகொண்டிருந்தார்கள். அந்த இறாலுக்கு என்ன வயதிருக்கும் என்று யோசித்தேன். மூன்று மாதத்தில் எனக்கு ஏறிய ஒரே படிப்பு அது. கோட்டை, புறக்கோட்டை தாண்டி அறைக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மற்றவர்கள் காலையில் நான் கொண்டுவந்த மீனைக் குழம்பு வைத்திருந்தார்கள். வேலை போய்விட்டது என்றேன். "அப்ப மீனும் போச்சா?" என்று ஒருவன் கேட்டான். அவர்கள் கவலை அது. நானும் சாப்பிட்டேன், பசித்தது.

மறுநாள் காலை, பெட்டி தூக்கும் வேலை கேட்கலாம் என்று துறைமுகத்துக்கே போனேன். எனக்குப் பழக்கமான வேறு இடம் இல்லை. படகடியில் மிஸ் ஓர் அளவுகோலோடு நின்றார். அறிக்கையை நிறுத்திவிட்டு, ஒரு மாதம் புதிதாக அளக்கப் போவதாகப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டாராம். ஆனால் பைகள் அவரைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. யாரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. சிரித்தார்கள், ஒதுங்கி வழிவிட்டார்கள், பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். அது சும்மா கறிக்கு என்று தண்டையல் அவருக்குப் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார்.

மிஸ் என்னைக் கண்டார். என்னை மன்னித்த அறிகுறி ஒன்றும் முகத்தில் இல்லை. "எந்தப் பை ஆரிட்டப் போகுதெண்டு உங்களுக்குத்தானே தெரியும்," என்றார். "பை திறந்து அளக்கிறது மட்டும்தான். காலமையில மட்டும். சம்பளம் பாதி. நிப்பீங்களோ?"

ஆமாம் என்றேன். அந்தத் துறையில் இனி என்னை யாருக்கும் பிடிக்காது என்று தெரிந்தே சொன்னேன். பெரிய தியாகம் ஒன்றுமில்லை; பெட்டி தூக்கினால் முதுகு வலிக்கும்.

தண்டையலின் பையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. அவர் அதை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார்.

"அடேய், நீயும் திண்டவன்தானே?"

"ஆமாண்ணே. என்னய மாதிரி எத்தன பேர் திங்கிறாங்கன்னுதான் மிஸ் கேக்குறாங்க."

அவர் பையை என் காலடியில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தேநீர்க்கடைப் பக்கம் நடந்தார். நான் குந்தி உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே ஆறு மீன்கள். எதுவும் என் முழங்கை நீளத்துக்கு வரவில்லை. ஆறையும் அளந்து மிஸ்ஸிடம் சொன்னேன். அடுத்த பை ஐஸ்காரருடையது.