எக்ஸ்ரே எடுத்தும் குடிக்காத டீ

அந்தம்மா போடும் டீயை வாயில் வைக்க முடியாது. பாலைத் தனியாகச் சுட வைப்பார், தூளைத் தனியாக வெந்நீரில் ஊற வைப்பார், கடைசியில் இரண்டையும் கலந்துவிட்டுச் சர்க்கரை போட மறந்துபோவார். கழனித்தண்ணி தேவலாம். அந்த டீயைத்தான் எங்கள் சபைக் கமிட்டியின் பெரிய மனுஷர்கள் வெள்ளிக்கிழமை தவறாமல் குடித்தார்கள். குடித்துவிட்டு "அருமைங்கம்மா" என்று வேறு சொன்னார்கள். ஏன் குடித்தார்கள் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பதுகளின் கடைசியில், திருப்பூர் பக்கம் எங்கள் ஊரான மங்கலத்துக்கு ஊழியம் செய்ய வந்த வெளிநாட்டுக் கணவன் மனைவி அவர்கள். ஐயா தன் நாட்டில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை பார்த்தவர். அந்தப் பிள்ளைகள் எப்படிப் பிழைத்தார்களோ. பெற்ற மக்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு, பேரன் பேத்திகளைக் கொஞ்ச வேண்டிய வயதில், யாரும் கட்டாயப்படுத்தாமல் இந்த வெயிலுக்கு வந்து சேர்ந்தார்கள். சபைக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீடு. முன்னால் ஹால், பின்னால் சமையல்கட்டு, நடுவில் ஒரு அறை.

விடியுமுன் எழுந்து, ஹாலில் எதிரெதிரே உட்கார்ந்து, பைபிளை ஆளுக்கொரு வசனமாக மாற்றி மாற்றிப் படிப்பார்கள். பிறகு ஐயா துணி துவைப்பார், அம்மா கொடியில் போடுவார். ஆம்பளை துணி கும்முகிறதைப் பார்க்கத் தண்ணி எடுக்கப் போகும் பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிற்பார்கள். ஐயா நிமிர்ந்து, "வாங்க, வாங்க" என்று கூப்பிட, அவர்கள் சிரித்துக்கொண்டு ஓடுவார்கள். அப்புறம் தமிழ்ப் பாடம். சமையல்கட்டு டப்பாவிலெல்லாம் அம்மா உப்பு, பருப்பு என்று கோணல் கோணலாக எழுதி ஒட்டியிருந்தார். ஊரில் கேட்டதை வைத்து எல்லாரையும் "கண்ணு" என்பார். கமிட்டிச் செயலாளரையும் "வா கண்ணு" என்றே கூப்பிட்டார். அந்த ஆள் நெளிந்த நெளிவு இருக்கிறதே!

வெயில் ஏறியதும் ஒரே குடைக்குள் இரண்டு பேரும் வீடு வீடாகக் கிளம்புவார்கள். ஒருவரை விட்டு ஒருவர் வெளியே போகக் கூடாது என்பது அவர்களை அனுப்பியவர்கள் வைத்த சட்டம். தீப்பெட்டி வாங்கவும் ஜோடியாகத்தான் போவார்கள். தறி ஓடும் வீடுகளில் அந்தச் சத்தத்துக்கு மேல் தொண்டை கிழியக் கத்தி ஜெபம் பண்ணுவார்கள். மத்தியானம் மோர்ச் சோறு. கரண்ட் போனால் தலையில் ஈரத் துண்டு. சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாட்டு. தபால்காரர் கடிதம் கொண்டுவரும் நாளில் மட்டும் அம்மா கொஞ்ச நேரம் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். எதற்கெடுத்தாலும் நன்றி. கரண்டியை எடுத்துக் கொடுத்தால் நன்றி, கதவைத் திறந்தால் நன்றி. எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது.

என்னை அங்கே சமையலுக்குக் கூப்பிட்டதே அவர்கள் செய்த முதல் தப்பு. நான் பனியன் கம்பெனியில் கைமடி. டெய்லர் தைக்கத் தைக்கத் துணியின் ஓரத்தை மடித்துப் பிடித்துக் கொடுக்கிற வேலை. ஆர்டர் இல்லையென்று கம்பெனியை மூடிப்போட்டிருந்த நேரம், குடையோடு இரண்டு பேரும் எங்கள் சனம் குடியிருக்கும் வளவுக்குள் வந்துவிட்டார்கள். சபை இருக்கும் தெருவுக்காரர் யாரும் எங்கள் வளவுக்குள் வரமாட்டார்கள். நாங்களும் அதே சபைதான், அதே ஞானஸ்நானம்தான்; ஆனால் கடைசி மூன்று வரிசைப் பாய் எங்களுக்கு என்பதை யாரும் சொல்லாமலே நாங்கள் உட்கார்ந்து பழகியிருந்தோம். அம்மா என் வீட்டில் கம்பங்கூழ் வாங்கிக் குடித்தார். "நல்லா இருக்குங்க. எங்க ஊட்டுக்குச் சமைக்க வர்றியா, கண்ணு?" என்றார். கமிட்டி வேறொரு ஆளை ஏற்பாடு பண்ணிவைத்திருந்தது அவருக்குத் தெரியாது.

முதல் வெள்ளிக்கிழமை கமிட்டிக் கூட்டம் அவர்கள் ஹாலில் நடந்தது. ஏலக்காய் தட்டிப்போட்டு டீ வைத்து நானே தட்டில் கொண்டுபோனேன். ஒருவர் கையும் நீளவில்லை.

"இப்பத்தானுங்க குடிச்சுட்டு வந்தோம்" என்றார் செயலாளர்.

எல்லாரும் இப்போதுதான் குடித்துவிட்டு வந்தார்களாம்! டீயில் ஆடை படிந்தது. நான் திரும்ப எடுத்துக்கொண்டு போனேன். அடுத்த வெள்ளியும் அதே கதை. அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஐயா செயலாளரைத் தனியாகக் கேட்டிருக்கிறார். அந்த மகராசன் என்ன சொன்னான் தெரியுமா? எனக்கு டிபி இருக்கிறதென்று சொன்னான்! எங்கள் சாதியின் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, என் நெஞ்சில் சீக்கை வைத்துவிட்டான். நாசமாய்ப் போகிறவன்.

அந்தம்மா பாவம், நம்பிவிட்டார். மறுநாளே இரண்டு பேரும் என்னை நடுவில் உட்கார வைத்துப் பஸ்ஸில் திருப்பூர் கூட்டிப்போனார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். மூச்சை இழு, பிடி, விடு. நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த ஃபிலிமை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் செய்ததை வேறு யாரும் செய்திருக்க முடியாது. கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்ததும் என் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "பாருங்க கண்ணு, ஒண்ணுமே இல்லீங்க. சுத்தம்!" என் விலா எலும்பை அத்தனை ஆம்பளைகளும் அண்ணாந்து பார்த்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. "தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்றார் செயலாளர். டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை.

அதற்குமேல் பொறுக்காமல் அம்மாவிடம் நானே சொன்னேன். "சீக்கு இல்லீங்கம்மா. சாதிங்க." அவர் முகம் வெளிறிப்போயிற்று. நேரே போய்ச் செயலாளரைக் கேட்டார். "அதெல்லாம் நம்ம சபைல இல்லீங்கம்மா. கர்த்தருக்குள்ள எல்லாரும் ஒண்ணு" என்று அவன் பைபிளின் மேல் கை வைத்துச் சொன்னானாம். அம்மா கணக்கில் நானும் பொய் சொல்லமாட்டேன், அவனும் சொல்லமாட்டான். அப்படியானால் குற்றம் டீயின் மேல்தான்! அடுத்த வாரம் என்னைப் பின்னால் நிறுத்திவிட்டு அவரே போட்டு, அவரே கொண்டுபோனார். எல்லாரும் குடித்தார்கள். காலி டம்ளர்களோடு சிரித்தபடி சமையல்கட்டுக்கு வந்தார். "பாத்தியா, என் டீ அவங்களுக்குப் பிடிக்குது" என்றார். நான் பாத்திரத்தைத் துலக்கினேன்.

மாதக்கணக்கில் இது நடந்தது. மழைக்காலத்தில் அம்மா காய்ச்சலில் படுத்தார். எழுந்து நிற்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை நான் டீ வைத்தேன். ஐயா தட்டை வாங்கிக்கொண்டு ஹாலுக்குப் போனார். அம்மா போட்டது என்று அவர் சொல்லவில்லை. அவர்களாக அப்படி நினைத்துக்கொண்டார்கள். ஒரு வாய் குடித்ததும் அங்கே பேச்சு நின்றது. "அம்மா கையில இன்னைக்கு என்னமோ இருக்குதுங்க. இன்னொரு டம்ளர் கிடைக்குங்களா?" இது செயலாளர்.

கெட்டிலைத் தூக்கிக்கொண்டு நானே ஹாலுக்குள் போனேன். அவர் டம்ளரில் ஊற்றிவிட்டுச் சொன்னேன்: "நல்லாக் குடிங்க சாமி. நான் போட்டதுதானுங்க."

அந்த ஆள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாசல் குழாய்க்கு ஓடினார். கொப்பளித்தார். துப்பினார். சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்திருந்தவர் அவர். "ஏனுங்க, நாங்க மடிச்சுக் குடுத்த பனியன் உங்க நெஞ்சோட ஒட்டிக்கிட்டுக் கிடக்குதே, அதையும் கழட்டி வீசிட்டுப் போங்க!" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தால் அறை வாசலில் போர்வையோடு அம்மா நிற்கிறார். அவர் கண் குழாயடியில் இருந்தது. அன்றைக்குத்தான் அவருக்கு முழுசாக விளங்கியது.

இனி ஒரு முடிவு பிறக்கும் என்று நினைத்தேன். பிறந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை முதல் அந்த வீட்டில் யாருக்கும் டீ கிடையாது.

"சபை உடையக் கூடாது, கண்ணு. சமாதானம் வேணும். பொறு" என்றார் அம்மா. அழுதுகொண்டுதான் சொன்னார். ஐயா என் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார். கொப்பளித்தவனும் நானும் ஒன்றா? கடல் தாண்டி வர முடிந்தவர்களுக்குச் சமையல்கட்டிலிருந்து ஹாலுக்கு ஒரு தட்டைக் கொண்டுவர முடியவில்லையா? அலமாரியில் இருந்த என் எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு வேலையை விட்டு வந்துவிட்டேன்.

அந்த வாரத்திலேயே குடை வளவுக்குள் வந்தது. வெயிலில் இரண்டு பேர் முகமும் சிவந்திருந்தது. என் வீட்டுப் பாயில் உட்கார்ந்து, "டீ கிடைக்குங்களா?" என்று கேட்டார் அம்மா. ஏலக்காய் தட்டிப்போட்டு வைத்துக் கொடுத்தேன். வளவே எட்டிப் பார்த்தது. இரண்டு பேரும் சொட்டு விடாமல் குடித்தார்கள்.

"இங்க வந்து குடிக்கிறது பெருசில்லீங்கம்மா" என்றேன். "அவங்க முன்னால, உங்க ஹால்ல குடிச்சிருக்கோணும்."

அம்மா டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். நன்றி சொல்லவில்லை. வந்ததிலிருந்து அவர் நன்றி சொல்லாமல் வாங்கியது அது ஒன்றுதான்.

"வெள்ளிக்கிழமை வருவியா, கண்ணு?"

"டீயைக் கொண்டு ஹாலுக்கு வரலாம்னா வர்றனுங்க."

அவர் ஐயாவைப் பார்த்தார். ஐயா தன் செருப்பைப் பார்த்தார். "ஆள் அனுப்பறேன்" என்றார் அம்மா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலை சீவி, நல்ல சேலை கட்டி, ஏலக்காயை முந்தானையில் முடிந்துகொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஹாலில் அவர்கள் பாட ஆரம்பித்தது வளவு வரைக்கும் கேட்டது. முடிவு ஜெபமும் கேட்டது. யாரும் வரவில்லை. முடிச்சை அவிழ்த்து, அடுப்பை மூட்டி, எனக்கு மட்டும் ஒரு டீ வைத்துக் குடித்தேன்.