இடது கை பாக்கெட்டில்

இது நடந்தது. நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம், நாய் ஊளை என்ற குப்பை எதுவும் இதில் கிடையாது. அதெல்லாம் இருந்தால்தான் பயம் வரும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். வெளிச்சம் இன்னும் போகாத ஒரு மாலையில், என் வீட்டு முன்னறையில், என் கண்ணெதிரே நடந்தது. கூட இருந்த இன்னொரு ஆள் என் மைத்துனன். அவன் வாயிலிருந்து உண்மை வராது. அதனால் நான் எழுத வேண்டியிருக்கிறது.

என் மனைவி பழைய வால்வு ஆம்ப்களைச் சரிசெய்கிறவள். கிட்டாரைச் செருகினால் சத்தம் தரும் சின்னப் பெட்டிகள். உள்ளே கண்ணாடி வால்வுகள் செம்மஞ்சளாக எரியும். பாழானதை உயிர்ப்பித்துக் கொடுப்பாள். இன்னும் கொஞ்சம் கரகரப்பு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு உள்ளே மாற்றியமைத்தும் தருவாள். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். பத்தொன்பது வருடம் அவளுடைய மேசையின் ஓரத்தில் உட்கார்ந்துதான் என் புரூஃப்களைப் படித்தேன்.

அந்தப் பெட்டிகளுக்குள் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும். ஆகவே அவளுக்கு ஒரு பிடிவாதம். ஆம்ப் ஓடும்போது வலது கை மட்டும்தான் உள்ளே போகும். இடது கை வேலைக்கோட்டின் பாக்கெட்டில். இரண்டு கையும் உலோகத்தைத் தொட்டால் மின்சாரம் ஒரு கையில் ஏறி, நெஞ்சைக் கடந்து, மறு கையில் இறங்கும். மேசைக்கு யார் வந்தாலும் அவளுடைய முதல் பேச்சு இதுதான்.

"இடது கைய பாக்கெட்ல போடு. அப்புறம் பேசு."

எல்லோரும் போட்டார்கள், அவளுடைய தம்பியைத் தவிர. வீட்டில் அவனுக்கு 'ஸ்டார்' என்று பெயர். சின்ன வயதில் அவனே வைத்துக்கொண்டது. கிட்டாரில் மூன்று கார்ட் பிடிக்கத் தெரியும். மீதியைச் சத்தத்தால் மூடிவிடுவான். "ரெண்டு கையும் இல்லாம கிட்டார் எப்படிக்கா வாசிக்கறது?" என்று ஒவ்வொரு முறையும் ஒரே ஜோக்கைச் சொல்லி, ஒவ்வொரு முறையும் அவனே சிரிப்பான்.

போன வருடம் தன் ஆம்ப்பைக் கொண்டுவந்து போட்டான். "லேசா இரையுதுக்கா" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து நான் வேலையிலிருந்து வந்தபோது அவள் தரையில் கிடந்தாள். ஆம்ப் ஓடிக்கொண்டிருந்தது. வலது உள்ளங்கை கருத்திருந்தது. இடது கை பாக்கெட்டுக்குள் இருந்தது. நான்தான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை.

மருத்துவமனையில் 'ஷாக்' என்றார்கள். மீதிக் கதையை ஸ்டார் கட்டினான். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னான். "அக்கா கவனக்குறைவு. ரெண்டு கையையும் உள்ள விட்டுட்டா. நான் எத்தனை தடவ சொல்லிருக்கேன்."

இவன் சொன்னானாம்.

ஜனங்களும் தலையாட்டினார்கள். கவனக்குறைவு. அவள் பெயரோடு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. வாழ்நாள் முழுக்கப் பிழை திருத்திய எனக்கு அந்த ஒரு பிழையை அடிக்க வழி தெரியவில்லை. கணவன் பேச்சை யார் எடுத்துக்கொள்வார்கள்?

அவளோடு பாகங்கள் மாற்றிக்கொள்ளும் ரேடியோ மெக்கானிக் ஒருவர் இருந்தார். வெளியூரில் இருந்தவர், இரண்டு மாதம் கழித்துத் திரும்பினார். வந்து ஆம்ப்பைத் திறந்து பார்க்கச் சொன்னேன். நாளைக் காலை வருகிறேன், அதுவரை தொடாதீர்கள் என்றார்.

அன்று மாலையே ஸ்டார் வந்து நின்றான். மணி ஐந்தே முக்கால். மேடைக்குப் போகிற கோலம். பளபளக்கும் கறுப்புப் பேண்ட், பெயின்ட் அடித்த மாதிரி காலோடு ஒட்டியிருந்தது. தடித்த ரப்பர் அடி வைத்த ஷூ.

"மாமா, பொட்டியக் குடுங்க. ஏழு மணிக்கு ஷோ."

"நாளைக்கு மெக்கானிக் பாக்கட்டும். அப்புறம் எடுத்துட்டுப் போ."

"அந்த ஆளா? செத்த ரேடியோவுக்குச் சவரம் பண்றவரு. அவருக்கு என்ன தெரியும்?"

"உனக்கு என்ன தெரியும்?"

"பொட்டில ஒண்ணும் இல்ல மாமா. அக்கா மேலதான் தப்பு. இப்பவே காட்டறேன், பாருங்க."

வேண்டாம் என்றேன். இரண்டு முறை சொன்னேன். அவன் பிளக்கைச் செருகிவிட்டான். அவள் கழற்றிய பின்பலகை இன்னும் சுவரில் சாய்ந்தபடி இருந்தது. ஆம்ப்பின் உள்சட்டம் வெறும் உலோகமாகத் தெரிந்தது. அதன்மேல் வலது உள்ளங்கையை வைத்து அழுத்தினான்.

"என்ன ஆச்சு? உயிரோடதான நிக்கறேன்?"

நின்றான். எனக்கு அதில் பெரிய சந்தோஷம் இல்லை.

அப்போதுதான் கேட்டது.

டக்… டக்…

ஸ்பீக்கரிலிருந்து. மெதுவாக, மரத்தால் தட்டுகிற சத்தம்.

வால்வு சூடாக அரை நிமிடமாவது வேண்டும். அதற்குமுன் இந்தப் பெட்டிகள் முனகக்கூட முனகாது. நான் வால்வுகளைப் பார்த்தேன். எதுவும் இன்னும் சிவக்கவில்லை.

"வால்வு பழசு மாமா. மேச ஆடினாலே இப்படிக் கேக்கும்" என்றான் ஸ்டார். அவனிடம் எல்லாவற்றுக்கும் விளக்கம் உண்டு.

மேசை ஆடவில்லை.

டக்… டக்… இந்த முறை கொஞ்சம் கனமாக.

ஓடும் ஆம்ப்பில் தளர்ந்த பாகத்தைக் கண்டுபிடிக்க அவள் ஒரு மரக்குச்சி வைத்திருப்பாள். ஒவ்வொரு பாகத்தையும் இரண்டு தட்டு. ஸ்பீக்கரில் காது. கிட்டார் செருகும் பக்கத்தில் ஆரம்பித்து டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போவாள். பாகத்துக்குப் பாகம் சத்தம் மாறும். என் புரூஃப்களுக்குப் பின்னணியாகப் பத்தொன்பது வருடம் கேட்ட வரிசை அது.

அதே வரிசை.

குச்சி மேசைமேல் கிடந்தது. அசையவில்லை.

டக் டக்… டிக் டிக்… டக் டக்…

கடைசியாக டிரான்ஸ்ஃபார்மர் பக்கம். அங்கே மட்டும் சத்தம் செத்துப்போய் வந்தது.

தொக்… தொக்…

அதற்குமேல் நகரவில்லை. அங்கேயே… திரும்பத் திரும்ப…

தொக் தொக். தொக் தொக்.

"என்ன எழவு இது" என்றான் ஸ்டார். "கிட்டாரச் செருகினா சரியாயிடும்."

வலது கை சட்டத்தின் மேலேயே இருந்தது. கிட்டார் வயர்கள் இரும்பு அலமாரியில் தொங்கின. அவன் உடம்பைச் சாய்த்து இடது கையை நீட்டினான். அந்த அலமாரிக் காலிலிருந்து ஒரு தடித்த பச்சை வயர் சுவரைத் துளைத்து வெளியே மண்ணுக்குள் போகிறது. அவளே இழுத்த எர்த்.

விரல் நுனிக்கும் இரும்புக்கும் ஒரு சாண் இடைவெளி.

கை நின்றது.

பிறகு… பின்னால் வந்தது. முழங்கை மடங்கியது. கை அவன் இடுப்பை ஒட்டி இறங்கி, பாக்கெட்டுக்குள் போனது. மணிக்கட்டு வரை.

"என்னடா பண்ற?"

"நான் பண்ணல."

"வெளிய எடு."

"வரல மாமா."

தோளைக் குலுக்கி இழுத்தான். வரவில்லை. முகத்தில் வேர்வை. வாழ்க்கையில் முதன்முறையாக அவனிடம் விளக்கம் இல்லை.

"உள்ள என்னமோ இருக்கு."

"என்ன?"

"சின்னச் சின்னதா… ஸ்க்ரூ."

தொக் தொக். தொக் தொக்.

"மாமா…"

"என்னடா?"

"உள்ள… இன்னொரு கை இருக்கு."

நான் பாய்ந்து சுவர் ஸ்விட்சை அணைத்தேன். பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன்.

சத்தம் நிற்கவில்லை.

தொக்… தொக்…

"பிடிச்சிருக்கு மாமா. விட மாட்டேங்குது."

"வலது கைய எடு. பொட்டிலேர்ந்து எடுடா."

எடுத்தான்.

நிசப்தம்.

இடது கை உருவிக்கொண்டு வந்தது. தரையில் ஏதோ இரண்டு முறை 'டிங்' என்று விழுந்து உருண்டது. அறை முழுக்க, அவள் வயர் பற்றவைக்கும்போது எழும் சால்டர் பிசின் வாசம். இரண்டு மாதமாக அந்த அறையில் யாரும் சால்டரிங் செய்யவில்லை.

ஸ்டார் ஓடிவிட்டான். ஆம்ப்பை விட்டுவிட்டு.

மறுநாள் காலை மெக்கானிக் வந்தார். ஸ்டார் பெட்டியில் கை வைத்து அலமாரியைத் தொடப்போனதை மட்டும் சொன்னேன். தரையில் ரப்பர் விரித்து நின்றுகொண்டு, ஆம்ப்பை ஓடவிட்டு டெஸ்டரை வைத்தார். சட்டம் முழுக்கக் கரண்ட். உடனே பிளக்கைப் பிடுங்கினார். டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் ஒரு வயர் நசுங்கித் தோலுரிந்து கிடந்தது. யாரோ பெட்டியைத் திறந்து வயரை மாற்றி, அசிங்கமாகப் பற்றவைத்திருந்தார்கள். ஃபியூஸ் எரிந்துபோயிருந்தது. அதன்மேல் சிகரெட் வெள்ளித்தாள் சுற்றியிருந்தது. இரைச்சல் குறைய பிளக்குக்கு உள்ளேயே எர்த் வயரை வெட்டியிருந்தார்கள். வெளியே பார்த்தால் தெரியாது.

"இது அவங்க கைவேல இல்ல" என்றார். "அவங்க நின்னு வேல பாக்கற ரப்பர் பாய் எங்க?"

"ஆம்ப்பக் கொண்டுவந்து போட்ட அன்னைக்கே தம்பி எடுத்துட்டுப் போனான். மேடையில நிக்க."

"ஒரு கைதான் வெச்சிருக்காங்க. வெறுங்காலு. கரண்ட்டு கால் வழியா எறங்கிடுச்சு. நேத்து ரப்பர் ஷூ உங்க மச்சானக் காப்பாத்திச்சு. அந்த அலமாரியத் தொட்டிருந்தா, நெஞ்சு வழியாப் போயிருக்கும்."

பின்பலகையை மூடப்போனபோது இரண்டு ஸ்க்ரூ குறைந்தது. தரையில் பொறுக்கிவைத்திருந்த இரண்டைக் கொடுத்தேன். துரு, தலை, நீளம் எல்லாம் பொருந்தின.

"எங்க கெடந்துச்சு? கழட்டின ஸ்க்ரூவ அவங்க கோட்டுப் பாக்கெட்லதான போடுவாங்க?"

அந்தக் கோட்டோடுதான் அவளை எரித்தோம்.

ஸ்டாரைப் போனில் அழைத்து, மெக்கானிக் கண்டதையெல்லாம் சொன்னேன். "அப்ப அக்கா செக் பண்ணிருக்கணும்ல?" என்றான்.

இவனுக்காக வந்திருக்கிறாள். எனக்காக ஒரு தட்டுக்கூடத் தட்டாதவள் இவனுக்காக வந்திருக்கிறாள். நானாக இருந்தால் அந்த ஒரு சாண் தூரத்தையும் அவன் கையைப் போகவிட்டிருப்பேன்.

ஆனால் மெக்கானிக் வாயை மூடவில்லை. வெள்ளித்தாள் விஷயம் ஊர் முழுக்கப் போனது. கவனக்குறைவு என்ற சொல் அவளைவிட்டு இறங்கி, உரியவன் தோளில் ஏறியது. அடுத்த வாரம் ஸ்டாரின் மனைவி தனியாக வந்தாள். அண்ணியைப் பற்றி அப்படிப் பேசினதுக்கு மன்னிச்சிடுங்கண்ணா என்றாள். அவள் நல்ல பெண்.

"அன்னைக்கு நடந்ததப் பத்தி உன்கிட்ட என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

"கை மரத்துப் போச்சாம். பேண்ட் டைட்டு, பாக்கெட்ல மாட்டிக்கிச்சாம்."

"நானும் பார்த்தேன். மணிக்கட்டு வரைக்கும் உள்ள போச்சு."

"எந்தப் பேண்ட்ண்ணா?"

"கறுப்பு. பளபளன்னு."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போனாள். ஒரு மணி நேரத்தில் அந்தப் பேண்ட்டோடு திரும்பி வந்து மேசையில் விரித்தாள்.

"இதப் போட்டா போனக்கூட என் பையிலதான் வெப்பாரு" என்றாள்.

இடுப்புக்குக் கீழே, இடது பக்கம், ஒரு தையல் கோடு. அழகுக்குப் போட்டது. நகத்தால் நெருடிப் பார்த்தேன்.

பாக்கெட்டே இல்லை.