அலாரம் கத்தாத அன்று

சாமுண்டீஸ்வரி பிரஸ் மிஷினின் வாய்க்குள் துடைப்பக் குச்சியை நீட்டி, பெடலை மிதித்தாள். ஓரத்தில் இருந்த அலாரம் வீலென்று கத்தியது; மேலே தூக்கி நின்ற இரும்பு இறங்கவில்லை. "ம்... முழிச்சிகினுதான் கீற" என்று அதைத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

திருமழிசையில் கார் கதவுக்குத் தகடு அடிக்கும் கம்பெனி அது. ஷிப்ட் தவறாமல் இந்தக் குச்சிப் பூசை நடக்கும். மற்ற பெண்கள் சிரிப்பார்கள். "சிரிங்கடி. வெரலு பூட்டா ஒட்ட வெக்க உங்க ஊட்ல பசை கீதா?" என்பாள். பக்கத்து மிஷின் விஜி மட்டும் சிரிக்க மாட்டாள். அவளுக்கு ஆள்காட்டி விரல் பாதிதான். அது போன அன்று அவள் மிஷினில் அலாரம் வேலை செய்யவில்லை.

சாமுண்டி லேசுப்பட்ட வாய் இல்லை. டீயில் சர்க்கரை குறைந்தால் கேன்டீனையே ரெண்டு பண்ணிவிடுவாள். விடியற்காலையில் கத்தும் செல்போன் அலாரத்தையும் "சனியனே" என்றுதான் திட்டிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் ஆங்கிலம் படிக்கும் மகள் சுவேதா ஒருநாள் சொன்னாள்: "யம்மா, அது தூக்கத்தக் கெடுக்க வந்த வார்த்த இல்ல. எதிரி வந்துட்டா இத்தாலிக்காரங்க 'அல்லார்மே'ன்னு கத்துவாங்களாம். ஆயுதத்த எடுங்கன்னு அர்த்தம். அதான் இங்கிலீஷ்ல அலாரம் ஆயிடுச்சு."

"அப்டி சொல்லு! சண்டைக்குல்ல கூப்டுது!" அன்றிலிருந்து திட்டுவதை விட்டுவிட்டாள்.

போன திங்கட்கிழமை வழக்கம்போலக் குச்சியை நீட்டி மிதித்தாள். சத்தமே இல்லை. இரும்பு சரேலென்று இறங்கிக் குச்சியை நறுக்கிப் போட்டது.

சூப்பர்வைசர் தினகரன்தான் ஒயரைப் பிடுங்கியிருந்தான். "தொட்டதுக்கெல்லாம் கத்துது, மிஷின் நின்னு போவுது. டார்கெட் எப்டிம்மா முடியும்? உக்காரு. இல்லன்னா கேட்டு தொறந்துதான் கீது."

அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிகிறது. கேட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் விஜியின் கையைப் பார்த்ததும் பயத்தை மீறிக்கொண்டு ஆத்திரம் வந்தது.

"ஒயர மாட்டு சார், உக்கார்றேன்."

"மாட்ட முடியாது."

"அது கத்தலன்னா இன்னா? நான் கத்தறேன்."

சோற்று டப்பாவின் மூடியைக் கழற்றி, ஸ்பேனரால் ஓங்கி அடிக்க ஆரம்பித்தாள். விஜிதான் முதலில் பெடலிலிருந்து காலை எடுத்தாள். பிறகு ஒவ்வொரு மிஷினாக ஓய்ந்தது. ஷெட் முழுக்க அந்த மூடிச் சத்தம் மட்டும்.

"ஏய், நிறுத்து! ஓனர் வந்துருவாரு!" என்று தினகரன் ஓடிவந்தான்.

சாமுண்டி அடிப்பதை நிறுத்தாமல், தொங்கிக்கொண்டிருந்த ஒயரை முகவாயால் அவனுக்குக் காட்டினாள்.