அக்கா எர்ணாகுளம் போகாத புதன்கிழமை

இன்றோடு அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் உறவினர்களில் பாதிப் பேர் படத்தைப் பார்த்துவிட்டு, பந்தியில் இதையே விசிறியாக்கிக்கொள்வீர்கள் என்பது என் சந்தேகம். பரவாயில்லை, விசிறுவதற்கு முன்னால் முழுக்கப் படித்துவிடுங்கள். நான் ஒரு சந்தேகப் பிராணி என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதனால் அக்காவுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் உங்களுக்குத் தெரியாது.

அக்கா பாலக்காட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பாவுக்குக் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு மண்டியில் எழுத்து வேலை கிடைத்ததால் குடும்பம் இங்கே வந்தது. நான் பிறந்தது இங்கேதான். அப்பா சீக்கிரமே போய்விட்டார். பள்ளி இறுதி வகுப்பு முடித்திருந்த அக்கா, அம்மாவோடு சேர்ந்து அப்பளம் இட்டுக் கடைகளுக்குக் கொடுத்து என்னைப் படிக்கவைத்தார். பெண் கேட்டு வந்தவர்களை, "தம்பி தலையெடுக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினார். ஐம்பதுகளின் பிற்பகுதியில் நான் ஒருவழியாகத் தலையெடுத்தேன். அப்பா இருந்த அதே மண்டியில், பம்பாய்க்கும் லண்டனுக்கும் தந்தி எழுதும் குமாஸ்தா ஆனேன்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். விலை விஷயத்தைத் தந்தியில் அப்பட்டமாக எழுத மாட்டோம். யார் கண்ணில் படுமோ! ஒவ்வொரு மண்டிக்கும் தனி ரகசியச் சொற்கள் உண்டு. பார்க்கச் சாதாரண இங்கிலீஷாக இருக்கும். உள்ளே 'விற்காதே', 'உடனே வாங்கு' என்று வேறு அர்த்தம் ஒளிந்திருக்கும். நாள் முழுக்க இதையே எழுதுகிறவனுக்கு வீட்டு மளிகைச் சீட்டிலும் ஏதோ இருப்பதாகத்தான் தோன்றும். சாயங்காலம் மண்டியை விட்டு வரும்போது, மிளகு கூடவே வருகிறதா என்று பார்க்க, வேட்டி மடிப்பையும் பையையும் காவல்காரர் முன்னால் உதறிக் காட்டவேண்டும்.

அப்படி உதறிவிட்டு வந்த ஒரு நாள், அக்கா அடுக்களையில் வெறும் டம்ளரைக் காதில் வைத்துக்கொண்டு சுவரிடம் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்.

"யாரோட பேசறே?"

"அடுப்போட. போய்க் குளி."

அன்றிலிருந்து கவனிக்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவின் பள்ளித் தோழி ரோசம்மா எர்ணாகுளத்திலிருந்து காயலைக் கடந்து போட்டில் வருவார். அவருக்கு அங்கே டெலிபோன் எக்சேஞ்சில் வேலை. இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுப்பார்கள். அவர் போனபின் அரிசி டின்னில், காலண்டருக்குப் பின்னால், எங்கே கைவைத்தாலும் சீட்டு. 'ஹோல்ட் ஆன்', 'கால் பேக்', 'புட் த்ரூ', 'கட் ஆஃப்' என்று எல்லாம் இரண்டிரண்டு சொல். தனித்தனியாக எனக்குத் தெரிந்த சொற்கள்தான். ஜோடி சேர்ந்ததும் பிடிபடவில்லை. அந்த மாதம் எங்கள் மண்டியின் விலை இரண்டு முறை வெளியே கசிந்திருந்தது. எக்சேஞ்சில் இருக்கிற ரோசம்மா காதில் ஊரார் பேச்செல்லாம் விழும். என் புத்தி வேறு எங்கே போகும்?

அக்காவிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் உஷாராகிவிடுவார் என்று கேட்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு சீட்டை உருவி, மண்டியின் ரகசிய ஏட்டோடு ஒத்துப் பார்க்க எடுத்துப் போனேன். ஒன்றுகூட ஒத்துவரவில்லை. சாயங்காலம் ஞாபகமில்லாமல் பையை உதறினேன். சீட்டு காவல்காரரின் காலடியில் விழுந்தது. அந்த ஜோடிச் சொற்களுக்குக் கீழே, 'புதன், பத்து மணி, எர்ணாகுளம்' என்று வேறு எழுதியிருந்தது.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"எடோ, இது ஆரு எழுதினது?"

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எங்க அக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாது, முதலாளி."

"நாளைக்குப் பத்து மணிக்கு அவளைக் கூட்டிண்டு வா. அவ வந்தில்லேன்னா நீயும் வரண்டா."

வீட்டில் அக்கா கஞ்சி போட்ட புடவையை மடித்துக்கொண்டிருந்தார். அம்மா அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தார். நான் நடந்ததைச் சொல்லி, "நாளைக்கு எர்ணாகுளமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மண்டிக்கு வா. நீ வரலேன்னா என் வேலை போச்சு" என்று கத்தினேன்.

"என்கிட்டக் கேட்டிருக்கலாமேடா."

"கேட்டா சொல்லியிருப்பியா?"

"கிடைச்சப்பறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"என்ன கிடைச்சப்பறம்?"

அக்கா மடித்த புடவையை எடுத்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனார். திருட்டுக் காசுதான் என்று நான் முடிவு கட்டினேன். ஆமாம், என்னை ஆளாக்கிய அக்காவைத்தான் அப்படி நினைத்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு அக்கா முதலாளியின் மேசைமுன் நின்றார். "இது டெலிபோன்ல பேசற இங்கிலீஷ். 'ஹோல்ட் ஆன்'னா, வெச்சுடாதீங்கோ, கொஞ்சம் இருங்கோன்னு அர்த்தம். 'புட் த்ரூ'ன்னா லைன் சேர்த்துக் குடுக்கறது. ஸ்கூல்ல படிச்ச இங்கிலீஷ்ல இதெல்லாம் பழக்கமில்லை. சொல்லிச் சொல்லிப் பார்த்தாத்தான் வாயில வரும்."

முதலாளி நம்பவில்லை. நானும்தான். அவர் டெலிபோனை அக்கா பக்கம் தள்ளினார். "எங்கில் சரி, பேசிக் காட்டு. எர்ணாகுளத்துக்கே பேசு."

அக்கா அதற்கு முன் நிஜ டெலிபோனைத் தொட்டதே இல்லை. ரிசீவரை டம்ளரைப் போலவே காதில் வைத்துக்கொண்டார். 'ப்ளீஸ் புட் மீ த்ரூ' என்று ஆரம்பித்து எர்ணாகுளம் எக்சேஞ்சைக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் மறுமுனைக்கு ரோசம்மா வந்தார். அவர் போட்ட சத்தம் எங்களுக்கும் கேட்டது.

"எடீ, நீ எவிடெ இருக்கே? இன்டர்வியூல உன் பேரை ரெண்டு தடவை விளிச்சாச்சு! வேகம் வா!"

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இனி போட் பிடித்தாலும் போய்ச் சேர முடியாது. "நான் வரலை, ரோசம்மா. அடுத்த பொண்ணை விளிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார். பிறகு முதலாளியிடம், "தம்பிக்கு வேலை இருக்கு இல்லையா?" என்று கேட்டார்.

இருந்தது. இன்றும் இருக்கிறது. எக்சேஞ்சில் மறுபடி ஆள் எடுத்தபோது அக்காவுக்கு வயது தாண்டியிருந்தது. ஆனாலும் அந்தச் சீட்டுகளை அவர் கிழித்துப் போடவில்லை. தெருவில் வேலைக்கு முயன்ற பெண்களோடு உட்கார்ந்து, ஆளுக்கொரு டம்ளரைக் காதில் வைத்துப் பேசிப் பழகினார். அவர்களில் மூவருக்கு எக்சேஞ்சில் வேலை கிடைத்தது.

எனக்கோ புதுச் சந்தேகம். என்றைக்காவது அக்கா சொல்லிக் காட்டுவார் என்று வருஷக்கணக்கில் காத்திருந்தேன். காபி கொஞ்சம் ஆறியிருந்தால்கூட, 'ஆரம்பிச்சுட்டா' என்று நினைத்துக்கொள்வேன். அவர் ஆரம்பிக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்த கடைசி வாரத்திலும், "சாப்பிட்டியாடா?" என்றுதான் கேட்டார். போனபின் அவர் பெட்டியைக் குடைந்தேன், எங்காவது என்னைத் திட்டி எழுதியிருப்பார் என்று. ஒரு வரி இல்லை.

லீவு போட்டு ஆஸ்பத்திரியில் கூடவே இருந்த ரோசம்மாவுக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த அந்த மூன்று பெண்களுக்கும், காரியங்களுக்குத் தோள் கொடுத்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இவர்களெல்லாம் எதை எதிர்பார்த்துச் செய்கிறார்கள் என்று அப்போதும் யோசித்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி. அக்கா இன்டர்வியூவுக்குப் பயந்து போகாமல் இருந்துவிட்டார் என்று நம் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. சென்ற ஆண்டு பதின்மூன்றாம் நாளன்றுகூட என் காதுபடச் சொன்னீர்கள். அதைக் கிளப்பிவிட்டவன் நான். ஊரிலிருந்து திரும்பிய அம்மா, "ஏண்டா இவ போகலை?" என்று கேட்டபோது, அக்காவை வைத்துக்கொண்டே, "பயந்துட்டா" என்றேன். அக்கா அதைக் கேட்டுக்கொண்டே என் தட்டில் சாதம் போட்டார். இனிமேல் அப்படிச் சொல்லாதீர்கள். அக்கா பயப்படவில்லை.