ஒரே பேர், ஒரே தேதி, ஒரே ஊர்

நாற்பத்தாறு வயதில் கல்லூரிக்குப் போகிறவனை ஊர் இரண்டு விதமாகப் பார்க்கும். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பாதிப் பேர், ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலைக்குப் பயந்து ஓடுகிறான் என்று மீதிப் பேர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் இருபது வருடமாக போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். முதலாளியின் மகன் வந்து எல்லா வண்டியையும் கம்ப்யூட்டரில் ஏற்றினான். என்னை எதில் ஏற்றுவது என்று தெரியாமல், "நீங்களும் படிச்சுட்டு வந்துருங்க, இதை நீங்களே பாத்துக்கலாம்" என்றான். அப்படித்தான் நெடுஞ்சாலை ஓரத்துக் கல்லூரி ஒன்றில், சனி ஞாயிறு நடக்கும் எம்.சி.ஏ. வகுப்பில், என் மகள் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன்.

இரண்டாம் வருடம் துறைத் தலைவர் ஒரு அறிவிப்போடு வந்தார். என்னைவிட ஆறு வயது சின்னவர், ஆனால் தொண்டையைச் செருமினால் வகுப்பே எழுந்து நிற்கும். ஒவ்வொரு மாணவரும் ஏதாவது ஒரு கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க வேண்டுமாம். யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்த்துத் திருத்தம் எழுதி அனுப்பலாம், நல்லதென்றால் நடத்துகிறவர்கள் சேர்த்துக்கொள்வார்கள், அந்த வகை மென்பொருள். அவரே ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார். சின்னச் சின்ன மருத்துவமனைகளில் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் விவரங்களைக் குறித்து வைக்கும் ஆப். ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு அறக்கட்டளை மருத்துவமனையில்கூட அதைத்தான் வைத்திருந்தார்கள். "யாரோட திருத்தம் சேருதோ, அவங்க போட்டோ வாசல்ல பிளெக்ஸ்ல வரும்" என்றார்.

அடுத்த ஒரு வாரம் நாங்கள் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. ஒருவன் பொத்தானின் பச்சை நிறத்தை நீலமாக்கி அனுப்பினான். இன்னொருவன் நீலத்தைப் பச்சையாக்கி அனுப்பினான். ஒருத்தி விளக்கக் குறிப்பின் அடியில் 'நன்றி வணக்கம்' சேர்த்தாள். நான் மட்டும் யோக்கியனா என்ன. ஒரு வாக்கியத்தின் முடிவில் புள்ளி விடுபட்டிருந்தது, அதை வைத்து அனுப்பிவிட்டு, உலக ஆரோக்கியத்துக்கு உழைத்த களைப்பில் மத்தியானம் தூங்கினேன். நோயாளிகளுக்காக எங்கெங்கோ உட்கார்ந்து சம்பளமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள், எங்கள் குப்பையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, 'தயவுசெய்து இதுபோல் அனுப்ப வேண்டாம்' என்று மரியாதையாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

என் புள்ளியும் திரும்பி வந்தது. பிளெக்ஸ் ஆசை மட்டும் போகவில்லை. ஆகவே உருப்படியாக ஒன்றைச் செய்வது என்று முடிவு செய்தேன். அங்கேதான் விபரீதம் ஆரம்பித்தது.

ஆப்பின் குறைகள் பட்டியலில் ஒன்று வெகுநாளாகத் தீராமல் கிடந்தது. ஒரே நோயாளி இரண்டு முறை பதிவாகிவிடுகிறார், அவர்களை ஒன்றாகச் சேர்க்க வழி வேண்டும். என்னோடு படித்தவர்களில் ஆட்டையாம்பட்டி நெசவுக் குடும்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். வகுப்பிலேயே கம்ப்யூட்டர் கோடு ஒழுங்காக எழுதத் தெரிந்தவள். அவளும் நானும் உட்கார்ந்தோம். யோசனை என்னுடையது, எழுதியது பெரும்பாலும் அவள். பேர், பிறந்த தேதி, ஊர் மூன்றும் ஒத்துப்போனால் அது ஒரே ஆள். இரண்டு பதிவையும் ஒன்றாக்கு, பழைய போன் நம்பரை வைத்துக்கொள், மற்றதை அழி.

சேர்ப்பதற்கு முன், ஆப்பை நடத்துகிறவர்களில் வெளிநாட்டில் இருந்த ஒரு அம்மாள் ஒரு கேள்வி கேட்டிருந்தார். உங்கள் பகுதியில் இரண்டு பேருக்கு இந்த மூன்றும் ஒன்றாக இருக்க வாய்ப்பு உண்டா?

"என்னங்ணா எழுதறது?" என்றாள் அந்தப் பெண்.

"வாய்ப்பே இல்லைன்னு எழுது."

"ஒருக்கா யோசிச்சுக்கலாமுங்ணா."

"இருபது வருசம் லோடு புக் பண்ணுனவன் சொல்றேன். எழுது."

எழுதினாள். சேர்ந்துவிட்டது. பேண்ட் சட்டைக்கு மேல் யாரிடமோ கோட்டு இரவல் வாங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "கலியாண புரோக்கராட்ட இருக்கறீங்க" என்றாள்.

இரண்டு மாதம் கழித்து அந்த மருத்துவமனைக்குப் போய் எங்கள் திருத்தம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டு வரச் சொன்னார் துறைத் தலைவர். நானும் அந்தப் பெண்ணும் போனோம். இரண்டு அறை, ஒரு நர்ஸ், ஒரு லேப்டாப். டாக்டர் புதன்கிழமை நேரில் வருவார், மற்ற நாளில் போன் திரையில் வருவார். ரத்தத்தை எடுத்துச் சேலத்தில் ஒரு லேபுக்கு அனுப்புவார்கள். முடிவு நேராக ஆப்பில் ஏறும், நோயாளியின் போனுக்கும் மெசேஜாகப் போய்விடும்.

நர்ஸுக்கு ஐம்பது வயதிருக்கும். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, "உங்க திருத்தம் வந்த பொறவு நோட்டு எழுதறதையே உட்டுட்டனுங்க" என்றார். நான் மனதுக்குள் அந்த இரவல் கோட்டைச் சரி செய்துகொண்டேன்.

"ஒண்ணே ஒண்ணுதானுங்க புரியல" என்றார் அடுத்து. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மெலிந்த மனிதரைக் காட்டினார். தறி ஓட்டுகிறவர், தோளில் பஞ்சுத் தூசி. "இவருக்குச் சர்க்கரை எப்பவும் கட்டுக்குள்ளதான் இருக்கும். இந்த ரெண்டு மாசமா ஒரு ரிசல்ட் நல்லா வருது, அடுத்தது எங்கியோ போகுது. டாக்டர் பாத்துட்டுப் புது மாத்திரை எழுதிட்டாரு. நாளைக் காலைல இருந்து போடச் சொல்லியிருக்குது."

அந்த மனிதர் சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பெருமையாகக் காட்டினார். எனக்கு அதைத் தெரியும். நானும் சர்க்கரைக்காரன். அதே மாத்திரையை, அதைவிடக் குறைந்த அளவில், நான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிட நேரமில்லாமல் ஓமலூர் பஸ்ஸில் ஏறி, சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டி, கண் இருண்டு, பக்கத்தில் இருந்தவர் மடியில் சாய்ந்து, அவர் என்னைக் குடிகாரன் என்று நினைத்து இறக்கிவிட்டிருக்கிறார். என் எடையில் பாதிதான் இருந்தார் இந்த மனிதர்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு இன்னொருவர் வந்தார். தொந்தியும் மீசையுமாக, முகம் மட்டும் மெலிந்தவரின் அச்சு.

"சிஸ்டர், எனக்கு ரெண்டு மாசமா மெசேஜே வரலீங்க. நல்லாயிருக்குதுன்னுதான் அர்த்தமுங்களா?"

நர்ஸ் பேரைத் தட்டினார். "வந்திருக்குதுங்களே. எல்லா மெசேஜும் போயிருக்குது."

"எனக்குத்தானுங்க வருது" என்றார் மெலிந்தவர். "அண்ணனுக்கு எதுக்கு?"

அந்தப் பெண் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள். "ங்ணா. இவங்க பெரியப்பன் சித்தப்பன் மக்க. ரெண்டு பேருக்கும் தாத்தன் பேரு."

எங்கள் பக்கம் மூத்த பேரனுக்குத் தாத்தா பேரைத்தான் வைப்பார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேர் என்றால் இரண்டு வீட்டு மூத்த பையனுக்கும் அதே பேர். பேர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை இல்லை என்று, வீடு இருக்கும் திசையை வைத்து மேக்காலூட்டுக்காரன், கெழக்காலூட்டுக்காரன் என்றே அழைப்பார்கள். பிறந்த தேதி? இரண்டு பேரையும் ஒரே நாளில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டிருப்பார்கள். ஹெட்மாஸ்டர் வயதை எண்ணி, பள்ளி திறக்கிற மாதத்தின் முதல் தேதியை இருவருக்கும் எழுதியிருப்பார். என் தேதியும் அப்படி எழுதியதுதான். நான் பிறந்தது தீபாவளி மழையில். சர்ட்டிபிகேட்டில் இருப்பது கோடை முடிவு. என் வகுப்பில் பாதிப் பேருக்கு அதே தேதி. நாற்பது வருடமாக ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அந்தப் பொய்யை என் கையாலேயே எழுதிவந்தவன், ஒரு வெளிநாட்டு அம்மாளிடம் வாய்ப்பே இல்லை என்று எழுதச் சொன்னேன்.

நல்ல மனிதனாக இருந்தால் அந்த நிமிடமே சொல்லியிருப்பான். எனக்கு முதலில் தோன்றியது பிளெக்ஸ். வாசலில் மாட்டிவிட்டார்களே, எப்படிக் கழற்றுவார்கள். இரண்டாவது தோன்றியது போலீஸ். லாரி ஆபீசுக்குப் போலீஸ் வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பலாம், இதற்கு என்ன வாங்கிக் கொடுப்பது. மூன்றாவதாகத்தான் அந்த மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். இந்த வரிசையை நான் மாற்றி எழுதியிருக்கலாம். எழுதவில்லை, அவ்வளவுதான் என் யோக்கியதை.

எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மாத்திரை நல்ல மாத்திரைங்களா?" என்றேன்.

"இன்னும் போடலீங்க."

"கொடுங்க பாக்கலாம்."

கொடுத்தார். திருப்பிப் பார்த்தேன், முகர்ந்துகூடப் பார்த்தேன். பிறகு என் கை, என்னைக் கேட்காமலே, அதை என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டது. அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூட ஒரு திட்டம் ஓடியது. மாத்திரை இல்லை என்றால் போட மாட்டார். யாருக்கும் ஒன்றும் தெரியாது. இதைவிட மட்டமான திட்டத்தை என் மூளை அதற்கு முன்னும் பின்னும் போட்டதில்லை.

"ஏனுங்க" என்றார் அவர், நிதானமாக. "என்ற மாத்திரைய உங்க பையில போட்டுக்கறீங்க?"

நர்ஸ் திரும்பிப் பார்த்தார். தொந்திக்காரர் பார்த்தார். "சொல்லீருங்ணா" என்றாள் அந்தப் பெண். "இல்லீன்னா நான் சொல்றேன்."

சொன்னேன். உளறினேன் என்பதுதான் சரி. தாத்தா பேரில் ஆரம்பித்து, ஹெட்மாஸ்டருக்குப் போய், வெளிநாட்டு அம்மாளிடம் சுற்றி, கடைசியில் "அந்த மோசமான ரிசல்ட்டெல்லாம் அண்ணனுதா இருக்கும், உங்களுது இல்லைங்க" என்று முடித்தேன்.

மெலிந்தவர் அண்ணனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப நான் ஒரு மாசமா சோத்த விட்டுட்டுக் கேவுருக் களி தின்னது அண்ணனுக்காகங்களா?"

"நல்லா தின்னயே" என்றார் அண்ணன். ஆனால் அவர் முகம் வெளுத்திருந்தது. தன் தொந்தியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

நர்ஸ் சிரிக்கவில்லை. டாக்டருக்குப் போன் போட்டு மாத்திரையை நிறுத்தினார், இரண்டு பேருக்கும் மறுபடி ரத்தம் எடுத்தார். லேப்டாப்பை மூடி அலமாரியில் வைத்தார், நீள நோட்டை எடுத்தார். அதில் பேருக்குப் பக்கத்தில் மேக்காலூடு, கெழக்காலூடு, கோயில் சந்து என்று எழுதியிருந்தது. நாற்பது வரி கோடு செய்யாததை அந்த இரண்டொரு சொல் செய்துகொண்டிருந்தது. "நோட்ட உட்டது என்ற தப்புதானுங்க" என்றார். என்னைத் திட்டாமல் அவர் தன்னைத் திட்டிக்கொண்டது இன்னும் கேவலமாக இருந்தது.

அன்றே, அங்கேயே உட்கார்ந்து, என் திருத்தம் ஆபத்தானது, உடனே நீக்குங்கள் என்று எழுதி அனுப்பினோம். நீக்கிவிட்டார்கள். வேறெந்த மருத்துவமனையில் எத்தனை பேர் இப்படி ஒன்றானார்கள் என்று தேட ஆரம்பித்தார்கள். அந்த அம்மாள் இந்த முறையும் மரியாதையாகத்தான் எழுதினார்.

துறைத் தலைவரிடம் போய், பிளெக்ஸைக் கழற்றுங்கள் என்றேன். முழுவதையும் கேட்டார். பிறகு கேட்டார், "நீக்கறதுக்கும் நீங்கதான் எழுதி அனுப்புனீங்க?"

"ஆமாங்க சார்."

"அதுவும் சேர்ந்துதான் கணக்காகும். அப்ப உங்களுக்கு ரெண்டு பங்களிப்பு."

அவரை வெறுக்க எனக்கு என்ன அருகதை. பிளெக்ஸில் நான் சிரித்த சிரிப்பும் இதே ரகம்தானே.

அழித்த பதிவுகள் அந்த லேப்டாப்பில் திரும்பக் கிடைக்கவில்லை. பழைய நோட்டை வைத்து, அந்தப் பெண்ணும் நானும் மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து ஜோடி ஜோடியாகப் பிரித்தோம். நோட்டு நின்ற பிறகு வந்த முடிவுகள் யாருடையவை என்று சொல்ல வழியே இல்லை. அவர்களை எல்லாம் மறுபடி ரத்தம் கொடுக்க வரச் சொல்ல வேண்டும்.

"நான் கூப்புட மாட்டேன்" என்றார் நர்ஸ். "நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க. ஏன் வரணும்னும் நீங்களே சொல்லுங்க."

லாரி ஆபீசில் என் வேலையே போன்தான். ஆனால் அன்று நோட்டில் இருந்த ஒவ்வொரு நம்பருக்கும் முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். சிலர் சரி என்றார்கள். ஒருவர் என் ஊர், பேர் எல்லாம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். ஏழாவதாக ஒரு அம்மாள் எடுத்தார். பின்னால் தறிச் சத்தம். நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். உங்களுக்கு வந்த மெசேஜ் உங்களுடையதாக இல்லாமல் இருக்கலாம், தப்பு என்னுடையது, மறுபடி ஒருமுறை வந்து ரத்தம் கொடுக்க வேண்டும்.

தறி நின்றது.

"சர்க்கரை ரொம்ப சாஸ்தின்னு வந்துதே, அது என்றது இல்லீங்களா?"

"இல்லாம இருக்கலாமுங்க."

"அப்ப ஆருதுங்க?"

"உங்க ஊர்லயே, உங்க பேர்ல இன்னொருத்தருதா இருக்கலாமுங்க."

"அவளா" என்றார். "மெசேஜு வரல, நான் நல்லாயிருக்கறேன்னு சொல்லிட்டு, போன வாரம் மூர்த்தத்துல ரெண்டு தடவ பாயசம் வாங்கிக் குடிச்சா. மாத்திரையும் நிறுத்திட்டாளாமுங்க. அவளுக்குச் சொல்லிட்டீங்களா?"

என் பட்டியலில் அந்த இன்னொருவர் எட்டாவது. இன்னும் இல்லை என்றேன்.

"வைங்க போனை" என்றார். "நான் போயிக் கூட்டிட்டு வாரேன்."