மரம் பிடித்தால் லீவு

துபாயில் ஒரு வில்லாவில் தோட்ட வேலை பார்த்தபோது, என் லீவு ஒரு மரத்தின் கையில் இருந்தது. முதலாளியை அர்பாப் என்போம். அவர் வாசலில் இருந்த பூச்செடிகளைப் பிடுங்கச் சொல்லிவிட்டு ஒரு காஃப் கன்றை நட்டார். வேறொன்றுமில்லை, நம் கோயில்களில் சுற்றி வருகிறோமே, அதே வன்னி. எந்த வெயிலிலும் பச்சை மாறாத அந்த மண்ணின் மரம் என்று அவருக்கு அதன்மேல் தனிப் பிரியம். "இது நிற்கட்டும், பிறகு ஊருக்குப் போ" என்று சொல்லிவிட்டார். ஊரில் எனக்கு ஒரு மகள் பிறந்திருந்தாள். நான் அவள் முகம் பார்த்ததில்லை.

அந்தச் சனியன் வளரவே இல்லை. முதலில் வேரைத்தான் கீழே அனுப்புமாம். மேலே முழங்கால் உயரத்தில் முள்ளோடு முறைத்துக்கொண்டு நின்றது. தண்ணீர் ஊற்றி ஊற்றி எனக்கு வாழ்க்கையே அலுத்துப்போனது. போனில் மனைவி, "என்னங்க, மரம் எப்படியிருக்கு?" என்றுதான் ஆரம்பிப்பாள். என் உடம்பைப் பற்றியெல்லாம் அப்புறம்தான்.

இரண்டாவது கோடை முடிந்து ஒரு காலையில் பார்த்தால், கிளையெல்லாம் துளிர். அப்பாடா! கன்று வேரூன்றினால் 'பிடிச்சிருச்சு' என்போம் இல்லையா? அதை அப்படியே இந்தியில் தூக்கிப்போட்டு, "பாய், பகட் லியா! பகட் லியா!" என்று வீட்டு டிரைவரான பாகிஸ்தான் பட்டாணியிடம் கத்தினேன். திருடனைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்து அவர் உள்ளே ஓடினார். அர்பாப் கையில் தடியோடு வந்துவிட்டார்.

விஷயம் புரிந்ததும் மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, லீவு கிடைத்துவிட்டது என்று. மறுநாள் வண்டியில் இன்னும் நான்கு கன்றுகள் வந்து இறங்கின.

"உன் கை ராசியான கையாம். இதெல்லாம் பகட் லே, ஃபிர் சுட்டி. இதுகளும் பிடித்த பிறகுதான் லீவாம்" என்றார் டிரைவர், என் முகத்தைப் பார்க்காமல். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. மண்வெட்டியை எடுத்துக் குழி தோண்டினேன்.

வெள்ளிக்கிழமை மனைவியிடம் சொன்னேன். அவள், பிள்ளையின் காதில் போனை வைத்து, "யாருன்னு சொல்லு பாப்பா" என்றாள். போனில் கேட்கிற ஆம்பிளைக் குரல் எல்லாமே அவளுக்கு மாமாதான்.

"மாமா, எப்ப வருவீங்க?"

"சீக்கிரம் வர்றேன் பாப்பா" என்று மாமாவாகவே பதில் சொன்னேன்.